ஆறில்லாத ஊரில் ஓர் ஆற்றின் இசை: வாசகர் கேள்வி – பதில்

கடந்த மாதம் யாழ்ப்பாணத்துக்கு வந்து ஒரு மாலைப்பொழுது வாசித்துச் சென்ற ஐரோப்பிய இசைக்குழுவைப் பற்றி இப்பகுதிக்கு வந்த கடிதங்கள் வழக்கத்தை விட அதிகம். மனம் நிறைந்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். பாதியில் எழுந்து போக நினைத்ததை ஒளிக்காமல் எழுதியவர்களும் இருக்கிறார்கள். வர முடியாதவர்களுக்காக நிகழ்ச்சி நிரலை முதலில் சொல்லிவிடுகிறேன். முற்பகுதியில் செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் 'வல்தவா', அதே நாட்டவரான பவெல் ஹாஸ் தந்திக் கருவிகளுக்காக எழுதிய ஒரு படைப்பு, எஸ்தோனிய நாட்டவரான ஆர்வோ பேர்ட் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக எழுதிய 'கான்டஸ்' ஆகியன வாசிக்கப்பட்டன. இடைவேளைக்குப் பின்னர் இன்னொரு செக் இசையமைப்பாளரான த்வொர்ஷாக்கின் 'புதிய உலகிலிருந்து' எனப்படும் ஒன்பதாவது சிம்பொனி (முழுக் குழுவுக்காகப் பல பகுதிகளாக எழுதப்படும் நீண்ட படைப்பு) முழுமையாக இடம்பெற்றது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, இம்முறை பகுதி முழுவதையும் இந்நிகழ்ச்சிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. எங்கோ ஓடும் ஓர் ஆற்றைப் பற்றிய இசையை நாங்கள் எதைக் கொண்டு அறிந்து ரசிப்பது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சங்கானை

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு நமக்கு இருக்கிறது என்றாலும் உங்கள் கேள்வி நியாயமானதுதான். வல்தவா, செக் நாட்டின் பொஹீமியக் காடுகளில் இரண்டு ஊற்றுகளாகப் பிறந்து, பிராக் நகரின் நடுவே ஓடி, மெல்னிக் என்னும் ஊரருகே எல்பே நதியுடன் கலக்கும் 430 கிலோமீற்றர் நீளமான ஆறு. அந்த ஊற்றுகளில் ஒன்றைச் சூடான வல்தவா என்றும் மற்றதைக் குளிர்ந்த வல்தவா என்றும் அங்குள்ளவர்கள் அழைக்கிறார்கள். 1874 ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்மெத்தனா இதை எழுதியபோது முதல் ஊற்றைப் புல்லாங்குழல்களிடம் ஒப்படைத்தார். இரண்டு குழல்கள், ஒன்று மூச்சு விடும் இடத்தில் மற்றது பிடித்துக்கொண்டு, இடைவெளி தெரியாமல் ஒரே ஓட்டமாக வாசித்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். சற்றுப் பின்னர் கிளாரினெற்றுகள் இரண்டாவது ஊற்றாக வந்து சேர்ந்தன. அதன் பிறகே தந்திக் கருவிகள் அந்த அலைவை வாங்கிக்கொள்ள, வயலின்களிலும் ஓபோக்களிலும் பிரதான இராகம் எழுந்தது.

அந்த இராகத்தைப் பிடித்துக்கொள்வதுதான் இந்தப் படைப்பைக் கேட்பதற்கான வழி. நமது முறையில் சொன்னால் அது மந்தர பஞ்சமத்தில் தொடங்கி, சட்ஜத்திலிருந்து படிப்படியாக ஏறி மேற்பஞ்சமத்தில் நின்று, தைவதத்தைத் தொட்டு மீளும். சுரங்கள் நடபைரவிக்குரியவை, கமகம் மட்டும் இல்லை. பிறகு வேட்டைக் கொம்புகள் கேட்கும், கரையோரக் கிராமத்தில் ஒரு கலியாணத்தின் போல்கா நடனம் கேட்கும், நிலவொளியில் நீரரமகளிர் ஆடும் பகுதியில் வயலின்கள் ஒலியடக்கி பொருத்திக்கொண்டு மெல்ல இழையும். இவை ஒவ்வொன்றையும் தாண்டி அந்த இராகம் திரும்பி வரும். புனித ஜோன் சுழல்கள் என்னும் பாறைப் பகுதியில் அது சிதறடிக்கப்படும். அந்தச் சுழல்கள் இன்று அணைநீருக்கு அடியில் மூழ்கிக் கிடக்கின்றன. அவற்றின் ஆரவாரத்தை இப்போது இந்த இசையில் மாத்திரமே கேட்கலாம். அதன்பின் ஆறு அகன்று பிராக்கை அடையும்போது, அதே இராகம் காந்தாரம் உயர்ந்து சங்கராபரணச் சாயலில் ஒலிக்கிறது. அந்த ஒரு மாற்றம் மண்டபத்தில் எத்தனை பேரை நிமிர்ந்து உட்கார வைத்தது என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே வல்தவாவைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர்.

ஸ்மெத்தனா அவர் நாட்டவருக்கு ஏன் இத்தனை முக்கியமானவர்?
— வாசகி, நல்லூர்

உடுவிலில் மகளிர் பாடசாலை தொடங்கப்பட்ட அதே 1824 ஆம் ஆண்டில் லிதொமிஷ்ல் என்ற சிறு நகரத்தில் ஸ்மெத்தனா பிறந்தார். அப்போது செக் மக்களின் நாடு ஒஸ்திரியப் பேரரசின் பகுதி. ஆட்சியும் கல்வியும் ஜேர்மன் மொழியில் நடந்தன. ஸ்மெத்தனாவும் ஜேர்மன் மொழியிலேயே படித்து வளர்ந்து, நடுவயதை நெருங்கும்போதுதான் தம் மக்களின் மொழியைப் பிழையின்றி எழுதப் பயின்றார். பின்னர் அந்த மொழியில் இசை நாடகங்கள் அமைத்தார். செக் மக்கள் தங்களுக்கென ஒரு தேசிய அரங்கம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பணம் திரட்டி, 1868 இல் அடிக்கல் நாட்டி, 1881 ஜூன் மாதத்தில் அவருடைய 'லிபுஷே' இசை நாடகத்துடன் திறந்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் அந்த அரங்கம் தீக்கிரையானது. சில வாரங்களுக்குள் மக்கள் மீண்டும் பணம் சேர்த்தார்கள். 1883 நவம்பரில் அதே 'லிபுஷே'யுடன் அரங்கம் மறுபடி திறக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தவர் எவரும் இதைப் படிக்கும்போது 1981 ஐ நினைக்காமல் இருக்க முடியாது. பிராக்கில் நேர்ந்தது கூரை வேலை செய்தவர்களின் கவனக்குறைவு. இங்கே நமது நூலகம் கொளுத்தப்பட்டது. அந்த வேறுபாட்டை மறைத்து இரண்டையும் ஒன்றாக்க நான் விரும்பவில்லை. ஆனால் எரிந்த கட்டடத்தை அதே இடத்தில் எழுப்பியே தீருவது என்ற பிடிவாதம் அவர்களுக்கும் நமக்கும் பொதுவானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1874 ஒக்டோபரில் ஸ்மெத்தனா இரு செவிகளின் கேட்புத் திறனையும் முற்றாக இழந்தார். 'வல்தவா' அதற்கு அடுத்த வாரங்களில் எழுதப்பட்டது. அதையும் சேர்த்து ஆறு படைப்புகள் கொண்ட 'என் தாய்நாடு' தொகுதி 1882 நவம்பர் 5 ஆம் திகதி பிராக்கில் முதன்முறை முழுமையாக வாசிக்கப்பட்டபோது, எழுதியவரால் ஒரு சுரத்தையும் கேட்க இயலவில்லை. அவர் மறைந்த நாளான மே 12 இல் பிராக் வசந்த விழா இந்தத் தொகுதியுடன் தொடங்குவது அங்கே மரபு. நாட்டை விட்டு 1948 இல் வெளியேறிய ரஃபயெல் குபெலிக் என்ற இசை நடத்துநர், 42 ஆண்டுகள் கழித்து 1990 இல் திரும்பி வந்து அந்த விழாவில் இதையே நடத்தினார். அந்த நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு கிடைக்கிறது. பிள்ளைகள் கடல் கடந்து வாழும் வீடுகளில் இருப்பவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு கருவி மட்டும் நீளமாக ஒரு சுரத்தை ஊதியது. மற்றெல்லோரும் அதனுடன் சேர்த்தார்கள். அந்தக் கருவியின் ஒலி நம் நாதஸ்வரத்துக்கு உறவு போல் பட்டது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாதஸ்வரம் வாசிக்கிறோம் என்பதால் கேட்கிறேன்.
— வாசகர், இணுவில்

தங்கள் செவி பிழைக்கவில்லை. அது ஓபோ. நாதஸ்வரத்தைப் போலவே இரண்டு நாக்குகள் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலி எழுப்பும் கருவி. நமக்குச் சீவாளி எப்படியோ, அவர்களுக்கு அந்தச் சிறிய நாக்கு அப்படி. அதுவும் நாணல் இனத் தட்டையிலிருந்து சீவி எடுக்கப்படுவதே. தேர்ந்த ஓபோக் கலைஞர்களில் பலர் அதைத் தம் கையாலேயே கத்தி கொண்டு சீவிக்கொள்கிறார்கள். இடைவேளையில் மேடையோரம் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் கலைஞர் ஒரு சிறு குப்பியில் நீர் வைத்து, அதில் இரண்டு நாக்குகளை நனைத்து, ஒவ்வொன்றாக உதட்டில் வைத்து ஊதிப் பார்த்து, ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பொருத்தினார். நாதஸ்வரத்தின் கழுத்தில் நூலில் தொங்கும் சீவாளிகளையும் தந்த ஊசியையும் அறிந்த எவருக்கும் அந்தக் காட்சி அந்நியமாக இராது.

வேறுபாடு உடலில் இருக்கிறது. ஓபோவின் உடல் முழுவதும் உலோகச் சாவிகள். ஒவ்வொரு அரைச் சுரத்துக்கும் விரல் வைப்பு உண்டு. நாதஸ்வரத்திலோ ஏழு துளைகள்தான் விரலுக்கு. மீதி அனைத்தையும் உதடும் மூச்சும் செய்ய வேண்டும். நம் கருவி திறந்த வீதிக்காகப் பிறந்தது, அது அறைக்காகப் பிறந்தது.

சுருதி சேர்க்க ஓபோவை வைப்பதற்குக் காரணம், அதன் ஒலி அசையாமல் நிற்பதும், கூட்டத்துக்குள் ஊடுருவிக் கேட்பதும், வயலின் தந்தியைப் போல் நொடியில் முறுக்கித் திருத்த முடியாததும் ஆகும். அவர் ஊதியது நம் கணக்கில் ஆறு கட்டை. வினாடிக்கு 440 அதிர்வுகள் என்பது சர்வதேச அளவு. ஐரோப்பியக் குழுக்கள் பல அதைவிடச் சற்று உயர்த்தி வைப்பதும் உண்டு. சுருதி சேர்ந்தபின் அந்தச் சுரம் நின்றுவிடும். நமது கச்சேரியில் போல் தம்புரா பின்னால் தொடராது. ஏனெனில் அவர்களுடைய இசையில் ஆதாரச் சட்ஜமே ஒரு படைப்புக்குள் பலமுறை இடம் மாறும்.

எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் சிம்பொனியின் ஒவ்வொரு பகுதி முடிவிலும் கைதட்டினார்கள். சிலர் அவர்களை அதட்டினார்கள். எது சரி?
— வாசகி, திருநெல்வேலி

அதட்டியது தவறு. பகுதிகளுக்கு இடையில் தட்டாமல் இருப்பது இன்றைய வழக்கம். ஆனால் அது பழைய வழக்கமன்று. 1813 இல் பேத்தோவனின் ஏழாவது சிம்பொனி முதன்முறை அரங்கேறியபோது இரண்டாம் பகுதி முடிந்தவுடன் சபை ஆரவாரித்து அதை மீண்டும் வாசிக்கச் செய்தது. மௌனமாக இருக்கும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான் மெல்ல வேரூன்றியது. முதல்முறை வந்தவர்கள் மனமுவந்து தட்டியதை அந்தக் கலைஞர்கள் புன்னகையுடன் ஏற்றுக்கொண்டதைப் பார்த்தோம். கைப்பேசி ஒலித்ததற்கு மட்டும் மன்னிப்பில்லை.

பவெல் ஹாஸின் படைப்பைத் தொடங்கும் முன் அது வதைமுகாமில் எழுதப்பட்டது என்று அறிவித்தார்கள். அதைக் கேட்டபின் இசையை இசையாகக் கேட்க என்னால் முடியவில்லை. இப்படி அறிவிப்பது தேவைதானா?
— வாசகர், கிளிநொச்சி

தேவை என்றே நினைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

பவெல் ஹாஸ் 1899 இல் புர்னோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் பெரும் இசையமைப்பாளர் யனாச்செக்கிடம் பயின்றவர். யனாச்செக், சந்தையிலும் தெருவிலும் மக்கள் பேசும்போது குரல் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கையேட்டில் சுரப்படுத்தி வைத்தவர்; பேச்சின் அந்த ஏற்ற இறக்கம் அவருடைய இசையின் எலும்பு. மாணவரிடமும் அந்தத் துடிப்பும் மொராவிய நாட்டுப்புற நடனத்தின் தெறிப்பும் இருந்தன. 1941 இல் ஹாஸ் தெரெசீன் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பிராக்குக்கு வடக்கே இருக்கும் பழைய கோட்டை நகரம் அது. ஏறக்குறைய 140,000 பேர் அங்கு அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கிழக்கே மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அங்கே கைதிகளுள் ஒருவராக இருந்த கரெல் அன்செர்ல் என்ற நடத்துநர் ஒரு தந்திக் குழுவை அமைத்தார். அவருக்காக ஹாஸ் 1943 இல் எழுதியதே நாம் கேட்டது. 1944 இல் நாசிகள் முகாமை ஒரு நல்லிடமாகக் காட்டுவதற்குப் படம் பிடித்தபோது இந்தப் படைப்பையும் வாசிக்கச் செய்தார்கள். வாசித்து முடிந்ததும் ஹாஸ் எழுந்து வணங்குவது அந்தப் படச்சுருளில் இருக்கிறது. அந்த ஒக்டோபரில் அவர் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அன்செர்ல் தம் குடும்பத்தைப் பறிகொடுத்துத் தாம் மட்டும் உயிர் தப்பினார். போர் முடிந்தபின் தெரெசீனுக்குச் சென்று, சிதறிக் கிடந்த தனித்தனி இசைத்தாள்களைத் தேடி எடுத்தார். டபிள் பேஸுக்குரிய தாள் மட்டும் கிடைக்கவில்லை. மற்றப் பகுதிகளைக் கொண்டு அதைப் பின்னர் இன்னொருவர் அமைத்துச் சேர்த்தார். அன்று மேடையின் வலப்புறத்தில் டபிள் பேஸ் வாசித்தவர்கள் பார்த்து வாசித்தது அந்த மீட்டமைத்த தாளைத்தான்.

இத்தனையும் தெரிந்தபின் கேட்டாலும், அந்த இசை அழவில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா? தொடக்கத்திலேயே குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நுழைகின்றன. நடுவில் சற்றுத் தணிந்து, பின் மறுபடி நடனத் துள்ளலுடன் முடிகிறது. எழுதியவர் தம்மைக் கைதியாக அல்ல, இசையமைப்பாளராகவே அங்கும் வைத்துக்கொண்டார். சூழலை அறிவித்தால்தான் இந்த உறுதி நமக்குத் தெரியும். அறிவிக்காவிட்டால் விறுவிறுப்பான ஒரு தந்தியிசை என்று தாண்டிப் போய்விடுவோம். நீங்கள் கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறீர்கள். எதையெல்லாம் நினைத்து அந்த எட்டு, ஒன்பது நிமிடங்களை நீங்கள் கடந்திருப்பீர்கள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. பதிவு ஒன்றைத் தேடி, வீட்டில் தனியே, இன்னுமொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஒரு மணி அடிக்கிறது. வயலின்கள் ஒரே இறங்குவரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. தற்கால இசை என்ற பெயரில் இதை மேடையேற்றுவது ரசிகர்களை ஏமாற்றுவதாகாதா?
— வாசகர், கொக்குவில்

உங்கள் கோபத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. ஆர்வோ பேர்ட்டின் அந்தப் படைப்பு 1977 இல் எழுதப்பட்டது. அதற்கு முந்திய டிசம்பரில் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் மறைந்தார். அவருடைய இசையின் தூய்மையைத் தாம் கண்டுகொண்ட வேளையில் அவர் போய்விட்டாரே என்ற துயரத்தில் பேர்ட் இதை அமைத்தார். பயன்படுத்தியவை தந்திக் கருவிகளும் ஒரே ஒரு மணியும்.

அதன் அமைப்பு நமது சங்கீத மாணவர்களுக்கு மற்ற எவரையும் விட எளிதில் விளங்கும். சுரங்கள் நடபைரவியின் அவரோகணம். மேற்சட்ஜத்தை மட்டும் முதலில் வாசிப்பது. பிறகு 'ஸ நி'. பிறகு 'ஸ நி த'. பிறகு 'ஸ நி த ப'. ஒவ்வொரு முறையும் மேலே திரும்பி, ஒரு படி கூடுதலாக இறங்குவது. முதல் வயலின்கள் இதைச் செய்யும்போதே இரண்டாம் வயலின்கள் அதே வரிசையை ஒரு ஸ்தாயி கீழே, பாதி வேகத்தில் செய்கின்றன. வயோலாக்கள் அதற்கும் பாதி, செலோக்கள் அதிலும் பாதி, டபிள் பேஸ்கள் அதிலும் பாதி. அதாவது நாம் சரளி வரிசையை மூன்று காலங்களில் அடுத்தடுத்துப் பாடிப் பழகுகிறோம். அவர்கள் ஐந்து காலங்களை ஒரே நேரத்தில் வாசித்தார்கள். இந்த இறங்குவரிசைக்குப் பக்கத்திலேயே, அதே கூட்டத்தில் வேறு சிலர் சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றை மட்டும் தொட்டுத் தொட்டு உடன்போகிறார்கள். பேர்ட் தமக்கென உருவாக்கிய முறை இது. மணியோசையின் தன்மையை ஒட்டியது.

ஒவ்வொரு கருவிக் கூட்டமும் இறங்கி இறங்கித் தனக்குரிய கடைசிச் சுரத்தில் வந்து நின்றுவிடுகிறது. வேகமானவர்கள் முதலில் நிற்க, மெதுவானவர்கள் கடைசியில் வந்து சேர, முழுக் குழுவும் ஒரே ஒலித்திரளாக நிலைபெறுகிறது. அந்தத் திரள் அறுபடும் அதே கணத்தில், கேட்காத அளவுக்கு மெல்லத் தட்டப்பட்ட மணியின் அதிர்வு மட்டும் எஞ்சுகிறது. ஐந்து நிலைகளில் எதையேனும் ஒன்றை, உதாரணமாகச் செலோக்களை, மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் காலம் நீள்வது உடலிலேயே தெரியும். திரும்பத் திரும்ப வருவது குறையென்றால் நமது நிரவலையும் குறை சொல்ல வேண்டியிருக்கும். அப்படியும் பிடிக்காமற் போகலாம். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஏமாற்று என்பதை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள்.

'புதிய உலகிலிருந்து' சிம்பொனியின் மெதுவான பகுதி அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடலொன்றின் நகல் என்று நண்பர் சொல்கிறார். எனக்கோ அது மோகனம் போலக் கேட்டது. யார் சொல்வது சரி?
— சங்கீத ஆசிரியை, வட்டுக்கோட்டை

உங்கள் செவியே சரி. நண்பர் சொல்வது காலத்தால் தலைகீழானது. த்வொர்ஷாக் 1892 இல் நியூயோர்க் தேசிய இசைக் கல்லூரியின் பணிப்பாளராகச் சென்றார். அங்கே ஹரி பேர்லி என்ற கறுப்பின மாணவர், தம் முன்னோரின் பக்திப் பாடல்களை அவருக்குப் பாடிக் காட்டினார். அமெரிக்காவின் எதிர்கால இசை இந்தப் பாடல்களின் மேல் கட்டப்பட வேண்டும் என்று த்வொர்ஷாக் வெளிப்படையாக எழுதினார். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். ஆனால் 1893 டிசம்பரில் கார்னகி மண்டபத்தில் அரங்கேறிய அந்தச் சிம்பொனிக்குள் எந்தப் பாடலையும் அவர் எடுத்து வைக்கவில்லை. இராகம் அவருடைய சொந்தம். அவருடைய மாணவர்களில் ஒருவரான வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர் 1922 இல் அதற்குச் சொற்கள் எழுதி, வீடு திரும்புவது பற்றிய பாடலாக்கினார். அந்தப் பாடல் தேவாலயங்களில் பரவியபின் மக்கள் அதை மூலமென்று எண்ணத் தொடங்கினார்கள்.

இனி மோகனத்துக்கு வருவோம். தாழ்ந்த குரலுடைய ஓபோ இனக் கருவியில் அந்த இராகம் தொடங்கும்போது சுரங்கள் இவை: க ப ப, க ரி ஸ, ரி க ப க ரி. முதல் இரண்டு வாக்கியங்களில் நான்கே சுரங்கள், தைவதம்கூட வராது. அடுத்து வரும் வாக்கியம் தைவதத்தைக் கொண்டுவருகிறது, கூடவே நிஷாதத்தையும் தொடுகிறது. அந்த இடத்தில் அது மோகனத்தை விட்டு விலகுகிறது. உலகின் பல மூலைகளில் ஐந்து சுர இராகங்கள் தாலாட்டாகவும் வயல் பாட்டாகவும் பிறந்திருக்கின்றன. பொஹீமியாவின் நெலஹொஸெவெஸ் கிராமத்தில் இறைச்சி வெட்டி விற்று, சத்திரம் நடத்தியவரின் மகனாகப் பிறந்து, அத்திலாந்திக்குக்கு அப்பால் ஊரை நினைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அது இயல்பாக வந்ததில் வியப்பில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு மோகன வர்ணத்தைத் தொடங்கும் நாளில் இந்தப் பகுதியையும் போட்டுக் காட்டுங்கள்.

பின்வரிசையில் ஒரு மாமா பெரிய தாளங்களை மடியில் வைத்துக்கொண்டு சும்மாவே இருந்தார். அவருக்கு வேலை இல்லையா?
— எட்டாம் வகுப்பு மாணவி, சுண்டுக்குளி

நன்றாகக் கவனித்திருக்கிறாய், மகளே. அந்தச் சிம்பொனி நாற்பது நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. அதில் அந்தத் தாளங்களுக்கு ஒரே ஒரு ஒலிதான், அதுவும் கடைசிப் பகுதியில், மிக மெதுவாக. அதற்காக அவர் அத்தனை நேரமும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினால் எல்லாம் வீண். டூபா என்ற பெரிய பித்தளைக் கருவியை வைத்திருந்தவரும் அப்படித்தான். அவருக்கு இரண்டாம் பகுதியில் மட்டுமே வேலை. அடுத்த முறை பதிவில் கேட்கும்போது அந்த ஒற்றைத் தாள ஒலி எங்கே வருகிறது என்று கண்டுபிடித்து எனக்கு எழுது.

எல்லாமே எழுதி வைத்ததை வாசிப்பதுதானா? மனோதர்மம் இல்லாத இசையில் உயிர் எப்படி இருக்கும்? ஆனாலும் கடைசியில் கூடுதலாக வாசித்த நடனத்தின் தாளக்கட்டு என்னைத் திகைக்க வைத்தது.
— மிருதங்க மாணவர், அளவெட்டி

முதலில் தாளத்தைச் சொல்கிறேன். அது த்வொர்ஷாக் 1878 இல் எழுதிய ஸ்லாவிய நடனங்களுள் எட்டாவது. ஃபூரியன்ட் என்ற செக் கிராமிய நடன வகை. மூன்று எண்ணிக்கை கொண்ட தாளத்தில், நான்கு வட்டத்தின் பன்னிரண்டு எண்ணிக்கைகளை 2, 2, 2, 3, 3 என்று பிரித்து அழுத்தம் கொடுப்பது அதன் இலக்கணம். கையில் மூன்றாகப் போட்டுக்கொண்டே வாயில் 'தக தக தக தகிட தகிட' என்று சொல்லிப் பாருங்கள், உடனே பிடிபடும். தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலித்த ஊரிலிருந்து எழுதும் உங்களுக்கு இது கணக்கில் சிறியது. அங்கே அழகு கணக்கில் இல்லை, அறுபது பேர் ஒரே உடலாக அந்த அழுத்தத்தில் சாய்ந்து எழுவதில் இருக்கிறது.

மனோதர்மம் பற்றிய கேள்வி பெரியது. அவர்களிடமும் அது இருந்தது. மொஸார்ட்டும் பேத்தோவனும் தம் காலத்தில் கற்பனையாக வாசிப்பதிலும் பெயர் பெற்றவர்கள். தனிக்கருவிப் படைப்புகளில் கலைஞர் சொந்தமாக விரித்து வாசிக்க இடம் விடப்பட்டிருந்தது. தேவாலய ஓர்கன் கலைஞர்களிடம் அந்தக் கலை இன்றும் இருக்கிறது. பெரிய குழுவில் அது இயலாது, ஏனெனில் ஒரே நேரத்தில் பல வேறு சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஒலிக்க வேண்டும். ஒவ்வொருவர் முன்னாலும் இருப்பது அவரவர் பகுதி மட்டுமே. முழுமையும் இருப்பது நடத்துநரின் மேசையில். எங்கே மூச்சு விடுவது, எந்தக் கருவியை முன்னுக்குக் கொண்டுவருவது, மெதுவான பகுதியை எவ்வளவு மெதுவாக எடுப்பது என்பவை எழுதப்பட்ட தாளில் முழுமையாக இல்லை. ஒரே சிம்பொனியை இரண்டு நடத்துநர்களின் பதிவில் அடுத்தடுத்துக் கேட்டால், தியாகராஜரின் ஒரு கிருதியை இரண்டு பாணியில் கேட்டதற்கு ஒப்பான வேறுபாட்டைக் காண்பீர்கள். நம்முடைய அளவுகோலால் அதை அளந்து குறை காண்பதும், அவர்களுடையதால் நம்மை அளந்து கூச்சப்படுவதும் இரண்டும் வேண்டாதவை.

நம் நாதஸ்வர, தவில் கலைஞர்களையும் மேடையில் சேர்த்து ஒரு கலப்பு நிகழ்ச்சி செய்திருக்கலாமே?
— பல வாசகர்கள்

செய்யாததே நல்லது. ஒரு பிற்பகல் ஒத்திகையில் ஒட்டவைக்கும் கலப்பில் நமது கலைஞர்கள் பெரும்பாலும் அலங்காரமாகவே நிற்க நேர்கிறது. அவர்களுக்கு எழுதிய தாள். நமக்கோ சுருதி கருவியின் உடலிலேயே கட்டப்பட்டது. இரண்டும் சந்திக்க மாதக்கணக்கில் கூடி உழைக்க வேண்டும். அதைவிட, வந்த கலைஞர்களை மறுநாள் ஒரு கோவில் வாசலில் உட்கார்த்தி இரவு முழுவதும் ஒரு மேளச் சமா கேட்கச் செய்திருக்கலாம். அடுத்த குழு வரும்போது ஏற்பாட்டாளர்கள் இதை மனங்கொள்ள வேண்டும்.

மகள் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளுக்கு வயலின் பயில்கிறாள். இந்நிகழ்ச்சிக்குப் பின் மேலைத்தேய வயலினும் கற்க வேண்டும் என்கிறாள். இரண்டையும் சேர்த்துக் கற்பது கெடுதலா?
— தாய் ஒருவர், மானிப்பாய்

கெடுதல் இல்லை, ஆனால் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. கருவி ஒன்றுதான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதை ஐரோப்பியரிடமிருந்து கற்று நமது இசைக்குக் கொண்டுவந்தவர் என்று அறிவோம். ஆனால் பிடிப்பு முழுக்க மாறுகிறது. நமது முறையில் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைப் பாதத்தின் மேல் ஊன்றிக்கொள்கிறோம். இடக்கை கருவியைத் தாங்க வேண்டியதில்லை, ஆகையால் தந்தி மீது தாராளமாக வழுக்கிச் செல்கிறது, கமகம் அதனாலேயே சாத்தியமாகிறது. அவர்கள் தாடைக்கும் தோளுக்கும் இடையில் பிடித்து, விரல்களைக் குறித்த இடங்களில் ஊன்றுகிறார்கள். சுருதியும் வேறு: நாம் சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் என்று சேர்க்கிறோம், அவர்களின் நான்கு தந்திகளும் ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் பஞ்சமமாக ஏறிக்கொண்டே போகும்.

மகள் இப்போது படிக்கும் தரத்தை முடித்து, கமகம் கையில் நிலைத்தபின் தொடங்கட்டும். முடிந்தால் இரண்டாவதாக ஒரு வயலின் வாங்குங்கள். ஒரே கருவியின் தந்திகளை நாள்தோறும் இறக்கி ஏற்றினால் தந்தியும் கெடும், தந்திகளைத் தாங்கும் குதிரையும் சாயும். அதுவரையில் மேலைத்தேய இசைக்குறிப்பை வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம். அதற்கு வயலினே தேவையில்லை. பாடசாலையில் பியானோவோ பாண்ட் வாத்தியக் குழுவோ இருந்தால் அந்த ஆசிரியரிடம் கேட்டாலே போதும்.